ஷெனோன்சோ வாசலில் இரண்டு மணித்தியாலம்

19 மே 2025, திங்கள்
ஃபாரஸ்ட் கேட், லண்டன்

சனிக்கிழமை பிரான்ஸ் போகிறோம். இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஷெனோன்சோ, ஆற்றுக்கு மேலே கட்டிய அந்த மாளிகை. லண்டனுக்கு வருமுன் பதினொரு வருஷம் பாரிஸில் இருந்தேன். துணி வெளுக்கும் லோண்டரியில் வேலை, ஞாயிறும் ஷிப்ட். ஒரு கோட்டையும் பார்த்ததில்லை.

கிங்ஸ்பரியில் இருக்கும் தன் அண்ணை தியாகராஜாவின் குடும்பமும் வருகிறது என்று இவர் இன்றைக்குத்தான் சொல்கிறார். என்னிடம் கேட்டாரா? இங்கிருந்தே டிரைவரோடு ஒரு வான் வண்டியும் பிடித்தாயிற்று.

25 மே, ஞாயிறு
பாரிஸ்

எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலையிலிருந்து பெற்றோல் நிலையம், பார்க்கிங், டிக்கெட் வரிசை, எல்லாவற்றுக்கும் "சுவர்ணா, நீர் கதையும்." பிரெஞ்சு தெரிந்தவள் நான் மட்டும்தானே. ஏழு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். மாளிகைக்குப் போகிற மரச்சாலையில் அண்ணையின் மனைவி நகுலேஸ்வரி அக்காவுக்குக் கால் பிரண்டு சுளுக்கிவிட்டது. வழியோரம் கிடந்த நீள வாங்கில் இருத்தினோம்.

"நீர் அக்காவோட இரும். உமக்குத்தான் பாஷை தெரியும்" என்றார் இவர்.

"நான் தனிய இருப்பன், அவவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அக்கா சொன்னது யாருக்குக் கேட்டது? போய்விட்டார்கள்.

இரண்டு மணித்தியாலம்! திரும்பி வந்ததும், "இப்ப நான் போட்டு வாறன்" என்று எழும்பினேன்.

"நேரம் போட்டுது. உள்ளுக்க பெரிசா ஒண்டுமில்லையப்பா. பழைய கட்டிலும் கதிரையும்தான்."

என் கலியாண நாள். நான் எதைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்ல இவர் யார்? அந்த இடத்திலேயே ஏன் கத்தவில்லை நான்? பேசாமல் வானில் ஏறி டிரைவருக்கு வழி வேறு கேட்டுச் சொன்னேன். அதுதான் எரிகிறது.

28 மே

சோறு போட்டேன். கதைக்கவில்லை.

1 ஜூன்

"இன்னும் அந்தக் கோட்டைக் கோவமே? அடுத்த வருஷம் போவம்."

"நீங்கள் வரத் தேவையில்லை" என்றேன்.

சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு...

8 ஜூன், ஞாயிறு

நகுலேஸ்வரி அக்கா எனக்குப் போன் எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கதைத்தேன். அவருடைய காலால்தானே எல்லாம் என்று இத்தனை நாளும் கறுவிக்கொண்டிருந்தேன்.

"கால் நோவு மாறீட்டுது. எனக்கும் ஒருத்தரும் கோட்டையைக் காட்டேல்லைத்தானே, சுவர்ணா? செப்டெம்பரில நாங்கள் ரெண்டு பேரும் போவமே? வீட்டில சொல்லீட்டன். கேக்கேல்லை, சொல்லீட்டன்."

அவரும் அதே வாங்கில் இருந்தவர். எனக்கு ஏன் அது உறைக்கவில்லை?

ஓம் என்றேன்.

13 செப்டெம்பர், சனி
ஷெனோன்சோ

ரயிலில் வந்தோம். ஒவ்வொரு அறையிலும் நின்றோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆற்றுக்கு மேலே நீளமான கூடம். யன்னலுக்குக் கீழே தண்ணீர் போகிறது. கூடத்தின் கடைசிக் கதவு மறுகரைக்குத் திறந்திருந்தது.

"அங்கால போனால் திரும்பி விடுவினமோ?" என்றார் அக்கா.

காவலுக்கு நின்ற பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டேன். டிக்கெட் இருந்தால் வரலாமாம்.

மறுகரைப் புல்லில் இருந்து எழுதுகிறேன். இவர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். லண்டனுக்குப் போய்க் கதைக்கலாம். கதைக்க நிறைய இருக்கிறது. அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார்.