அடிப்பலகைக்குக் காடி வெட்டவில்லை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும், அந்த நினைப்பாகவே இருக்கிறேன். மற்றதைப் படிக்கும் முன் பிள்ளையை அந்த மரப்பெட்டியிலிருந்து தூக்கிவிடு. தூக்கிவிட்டாயா? இனிப் படி.

போன வாரம் நீ அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிய படத்தில், நான் செய்த பெட்டியே உன் பிள்ளைக்குத் தொட்டிலாகியிருப்பதைப் பார்த்துத் தெரு முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். தினம் காலையில் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிள்ளையோடு அதைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று படத்துக்குப் பின்னால் எழுதியிருந்தாய், அதைப் படித்தும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை பார். நேற்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா நான் செய்துகொடுத்த தன் பெட்டியைத் தூக்கியதும் அடிப்பலகை கழன்று, துணிக்கட்டோடு அவர் காலில் விழுந்து இரண்டு விரல் நசுங்கிவிட்டது. மேல இவ்ளோ பாலிஷ் போட்டீங்களே, கீழே ஒண்ணுமே இல்லையே என்று அழுதுகொண்டே கேட்டார். அதுவும் உன்னுடையதும் ஒரே நாளில் ஒரே மரத்தில் செய்தவை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாலு பக்கமும் உள்ளே காடி வெட்டி, அடிப்பலகையைப் பசை போடாமல் அந்தப் பள்ளத்தில் செருகி, ஈரத்துக்கு உப்ப இடம் விட வேண்டும், அப்போதுதான் பக்கப் பலகைகளே கனத்தைத் தாங்கும். உனக்கும் அப்படித்தான் செய்தேன் என்று வாய் கிழியச் சொன்னேன். காடிக்குள் போகும் அளவைச் சேர்க்காமல் உள்ளளவுக்கே இரண்டு பெட்டியின் அடிப்பலகையையும் அறுத்துத் தொலைத்திருந்தேன். புகுந்த வீட்டுக்கு நீ கிளம்ப இரண்டே நாள், வேறு பலகை இல்லை, அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. காடியே வெட்டாமல் பசை தடவிப் பொடி ஆணி அடித்து, அந்த இடம் தெரியாமல் சுற்றிலும் மெல்லிய ரீப்பர்க் கட்டையை ஒட்டிவிட்டேன். துணிதானே வைக்கப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்பும்போது நீ அதைக் கவிழ்த்துப் பார்க்கப் போனாய். அப்பன் வேலையவே கவுத்துப் பாக்குறியா என்று சம்பந்தி வீட்டார் முன்னால் நான் கத்தியது குட்டு உடைந்துவிடும் என்ற பயத்தில்தான். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை மகளே.

நீ வீடு மாறியதிலிருந்து பழைய நம்பர் கிடைக்கவில்லை, புது நம்பரை அம்மாவுக்கும் நீ இன்னும் எழுதவில்லை. தபாலாபீஸில் கடிதம் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஐந்து நாள் என்கிறார்கள். ஐந்து காலை நீங்கள் அதைத் தூக்குவீர்கள். அம்மா அந்தப் பழைய நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளையை விட்டு அடியில் குறுக்கே இரண்டு சட்டம் வைத்துப் பக்கப் பலகைகளோடு ஸ்க்ரூ போடச் சொல், ஆணி வேண்டாம். அதன் பிறகும் துணி மட்டும் வை. பிள்ளை தரையிலேயே மெத்தையில் தூங்கட்டும். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

என் பேரப்பிள்ளை நூறு வயது இருக்கட்டும், உங்கள் வீட்டை ஒரு கெடுதலும் அண்டாமல் இருக்கட்டும். பிள்ளையை வெளியே எடுத்துவிட்டேன் என்று மட்டும் மறக்காமல் அம்மாவிடம் சொல்லிவிடு. அதற்கப்புறம் நீ ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா