கேட்டது முப்பத்திரண்டு, கிடைத்தது மூன்று

ஆரணி
நவம்பர் 18

அன்புத் தம்பி பிரவீணுக்கு,

அக்கா அமிர்தா எழுதுவது. நலம் என்று எழுதிப் பழகிய கை, இன்றைக்கு அதை எழுதவில்லை. டொரண்டோவில் பனி ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் சொல்லாமல் ஏன் மெயில் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போடச் சைகை காட்டி அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். தொண்டை ஆபரேஷனில் பேச்சுதான் போனது, காது நன்றாகவே கேட்கிறது.

அப்படி என்ன வேலை, எப்போது பார்த்தாலும் மீட்டிங் என்று போன வாரம் கேட்டாய். சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதில் வரும் கோளாறைச் சரிசெய்வதுதான் என் வேலை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கார்டும் ‘வேலை இருக்கிறது, வா’ என்று பிராசஸரைக் கூப்பிட இன்டரப்ட் என்கிற ஒரு அழைப்பு மணி வேண்டும். அது எண்ணி வைத்ததுதான், அள்ளி அள்ளிக் கொடுக்க முடியாது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில் நெட்வொர்க் கார்டுகள் முதலில் எழுந்து இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டன. கடைசியாக எழுந்த டிஸ்க் கார்டு முப்பத்திரண்டு கேட்டது. மீதி இருந்தது மூன்று. மூன்றை வைத்துத் தாராளமாக ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் நிரலை எழுதிய புண்ணியவான், முப்பத்திரண்டும் கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தான். டிஸ்க் நல்லபடியாக இருந்தும், இல்லாத மாதிரியே ஆகிவிட்டது.

அந்த வரியைக் கண்டுபிடித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஆகஸ்டில் ஒரு மாதம் லீவு கேட்டாய். பத்து நாள்தான் என்றார்கள். பத்து நாளுக்கு வந்து என்ன செய்வது, கிடைத்தால் முழுசாகக் கிடைக்கட்டும் என்று டிக்கெட்டே போடாமல் விட்டுவிட்டாய். கோபமாக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. அப்பாவின் கட்டிலில் ஒரு காலிங் பெல் பட்டன் கட்டியிருக்கிறேன். வேண்டுமானால் அடிப்பார் என்று நிம்மதியாக இருந்தேன். பதினைந்து நாளைக்கு முன் நாலரை மணி மீட்டிங் ஆறைத் தாண்டிவிட்டது. வெளியே வந்தால் பொழுது போயிருந்தது. கஞ்சி அடுப்பங்கரையில் ஆறிக் கிடந்தது. நம் சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தபின் அவர் பல்லில் எதுவும் படாது என்று உனக்குத் தெரியும். நான் கையைப் பிடித்துக் கேட்டும் தலையை ஆட்டிவிட்டார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் கெங்கம்மாள் மறுநாள் சொன்னாள்: “அய்யா பட்டன் மேல கைய வெச்சிகினே குந்தினு இருந்தாரும்மா. நான் அமுக்க போனா தடுத்துட்டாரு. உள்ள பாப்பா பேசிகினு கீதுன்னு சைகை காட்றாரு.” கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை நானே எழுந்து போய்ப் பார்க்கிறேன். டிரைவரையும் அப்படியே திருத்தினேன். கிடைத்ததை வாங்கிக்கொள், ஒன்று என்றாலும் போதும். ஒன்றுகூட இல்லையென்றால் பிராசஸரே அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கட்டும். சென்னையில் இருக்கும் என் லீட் இளஞ்செழியன், சும்மா சும்மா எட்டிப் பார்ப்பது தண்டம், வேகம் குறையும் என்றார். குறையட்டும், டிஸ்க் உயிரோடு இருக்கும் என்றேன். ஒப்புக்கொண்டார். சர்வர் இப்போது ஓடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது, இனி ஆபரேஷன் இல்லை, பொங்கல்வரை இருந்தால் பெரிது என்றார். அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘பிரவீணைத் தொந்தரவு செய்யாதே. முழு லீவு கிடைக்கும்போது வரட்டும்.’ சரி என்று தலையாட்டினேன். அதை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

கூப்பிட்டால் உடனே வருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய். அவர் கூப்பிட மாட்டார். பெல் கட்டி மூன்று மாதமாகிறது, ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறார், அதுவும் நேற்று. மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஒன்றுமில்லை. அவர் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது, திரையில் உன் பெயர். தான் எடுத்தால் பேச முடியாதே, அதற்குள் நீ வைத்துவிடுவாயே என்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒரு மாதம் கேட்காதே. மூன்று நாள் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வா. சென்னையில் எப்போது இறங்கினாலும் சரி, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடு. அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடப் பொழுது இருக்க வேண்டும்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா
அமிர்தா