பிஸ்கட் டப்பா மணி

வாலு,

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். உன் சீருடையைத் தேய்த்து வைத்தேன். அதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அத்தை உன்னைப் பள்ளியில் விடுவாள், சாவியும் அவளிடம்தான்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கத்தும்படி அம்மா செய்து வைத்த மணியை நேற்று நான் பிடுங்கியதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. அது கத்தும்போதெல்லாம், "மாட்டிக்கிட்டியா திருடி!" என்று அவள் அடுப்படியிலிருந்து ஓடி வருவாள் என்றே திரும்பிவிடுகிறேன். அதனால்தான் பிடுங்கினேன்.

காலையில் மறுபடி மாட்டிவிட்டேன். ஏதோ ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போல, டப்பாவை மூடினால்தான் கத்துகிறது. திறந்தே வைத்திருக்கிறேன். சாயங்காலம் நீயே சரிசெய். அம்மாவிடம் கற்றவள் நீதான்.

- அப்பா

பின்குறிப்பு: ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று நீ கேட்டபோது, "உன்னை நல்லாப் படிக்கச் சொன்னா" என்றேன். அது பொய். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"மணிக்கு பேட்டரி மாத்திடுங்க. இல்லன்னா வாலு மொத்த டப்பாவையும் காலி பண்ணிடும்."