சம்மதக் கட்டம்

வூஹான், மே 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முதுகுவலி குறைந்ததா?

நீ சொன்னபடி, கல்லூரி விண்ணப்பத்தில் "எந்தத் துறை தந்தாலும் சம்மதம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பன்றி வளர்ப்பு கிடைத்தது. நேற்று, கணக்கியலுக்கு மாற நேர்காணல். பேராசிரியர் ஆரஞ்சு உரித்தபடியே கேட்டார்: "முப்பது பேர் வந்தாச்சு. எல்லாருக்கும் சின்ன வயசுலேருந்தே கணக்கியல்னா உயிராம். உனக்கும் அப்படித்தானேம்மா?"

"ஆமா சார்" என்றேன். சிரித்துக்கொண்டே டிக் போட்டார். இடம் கிடைத்துவிட்டது.

பன்றிக் கொட்டிலில் ஒருநாளும் இப்படிப் பொய் சொல்ல வேண்டி வந்ததில்லை. இன்று காலை போய், கணக்கியல் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டேன். இடம் கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லாதே. நானே வேண்டாம் என்றதாகச் சொல்.

வாசனை சோப்பு நான்கு அனுப்பு. உணவுக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. முடிந்தால் நீயே கொண்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்.

வகுப்புக்கு மணியாகிறது.

உன் மகள்,
ஷுலான்