அயனிக் கழுக்கோல்

அன்பு ஜஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். உம்மா ஏணியில் ஏறி நின்று கொத்தனாரை விரட்டுகிறாள் என்று நீ சொன்னதை நினைத்துச் சிரித்தேன்.

கூரையைத் தாங்கும் கழுக்கோலுக்கு இரும்புக் குழாய் போதும், நாலடிக்கு ஒன்று வை என்று போனில் சத்தம் போட்டேன் அல்லவா? ஆசாரி, “கடக்காத்துல இரும்பு அரிச்சுப் போவும். அயனி மரம் வையும், ரெண்டடிக்கு ஒண்ணு” என்றார். மஸ்கட்டில் பத்து வருஷமாக நான் கூரைதான் போடுகிறேன் என்று அவர் வாயை அடைத்தேன்.

போன வாரம் இங்கே சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கியின் கூரையில் நின்றேன். நாம் வாங்கிய அதே மாதிரி, வெக்கை தடுக்க நடுவில் ஃபோம் வைத்த ஷீட். அடியில் இரும்பு நாலடிக்கு ஒன்றுதான். கால் வைத்ததும் ஷீட் மடங்கி, ஒரு கால் உள்ளே போய்விட்டது. இடுப்பில் கட்டிய பெல்ட் பிடித்துக்கொண்டது. தோல்தான் உரசியது. கூட நின்ற பர்வேஸ், “ஏலே மக்கா, கீழ ஆரைத் தேடுறே?” என்று சிரித்தான்.

அதனால் அயனியே வாங்கு. இரண்டடிக்கு ஒன்று. ஆசாரியிடம் இது உன் முடிவு என்று சொல், என் பேர் வேண்டாம்.

ஊருக்கு வரும் ஷாஹுலிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். அவன் திரும்பும்போது, அறுத்த அயனியில் ஒரு துண்டு கொடுத்துவிடு. ஈரம் காய்ந்ததா என்று பார்க்கத்தான்.

ஷாஹுலுக்கு டாக்சி வந்துவிட்டது. இன்னொன்று, கீழே குளிமுறியில் நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் வைக்கச் சொல். பிடித்து எழும்பச் சுவரில் ஒரு கம்பியும் வேண்டும். ஏணி ஏறுகிறவள்தான், ஆனாலும் உம்மாவுக்குத்தான்.

உன்
முகைதீன்