வெள்ளிக் கிரகத்தில் குழியா, மேடா?

என்னங்க,

இப்படி உங்களைக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஊரப்பாக்கத்தில் நம் வீட்டைச் சுற்றி இப்போது நிறைய வீடுகள் வந்துவிட்டன, முன்போல இருட்டில்லை. ஆனாலும் சாயங்காலம் நீங்கள் வருகிற எலெக்ட்ரிக் டிரெயின் சத்தம் கேட்டால் போய் வாசல் லைட்டைப் போட்டுவிடுகிறேன். யாருக்காக?

இந்த வாரம் ஆள் வைத்து வீட்டுக்கு வெள்ளையடித்தேன். ஹாலில் நீங்கள் மாட்டிய வெள்ளிக் கிரகப் படத்தையும் கழற்ற வேண்டியதாயிற்று. கல்லூரியில் நிலவியல் நடத்துகிற மனுஷர், நம் கல்யாண போட்டோவை உள்ளே தள்ளிவிட்டு அதை மாட்டினீர்களே! விண்கலம் ரேடாரில் எடுத்த படம். எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளி, நடுவே ஊத்தப்பம் போல வட்டங்கள்.

எனக்கு அவை குழிகள். உங்களுக்கு மேடுகள். எத்தனை சண்டை!

"மேடுடி. கெட்டியான குழம்பு பொங்கி வந்து அப்படியே உறைஞ்சிருக்கு. ரேடார் இடது பக்கத்துலேர்ந்து அடிச்சிருக்கு. நீ நம்ம வலது பக்க ஜன்னல் வெளிச்சத்தை வச்சுப் பாக்கறே. அதான் குழியாத் தெரியுது."

"அப்ப தலைகீழாத் திருப்பி மாட்டுங்களேன்."

"வரைபடம்னா வடக்கு மேலதான் இருக்கணும்."

என்ன பிடிவாதம் உங்களுக்கு! வந்தவர் போனவர் எல்லாரும் குழி என்றபோதும் நீங்கள் அசையவில்லை.

வெள்ளையடிக்க வந்த முருகேசன் வேலை முடிந்ததும் படத்தை அவராகவே மாட்டினார். மாட்டிவிட்டு, "இன்னாம்மா இது, மேடு மேடா கீது?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். தலைகீழாக மாட்டியிருந்தார். ரேடார் அடித்த பக்கமும் இப்போது ஜன்னல் பக்கமாகவே வந்திருந்தது. மேடுகள்தான். ஒவ்வொன்றும் சுவரை விட்டு எழும்பி நின்றது. இவ்வளவு நாளும் நீங்கள் பார்த்தது இதைத்தானா? "ஆமாங்க, மேடுதாங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முருகேசன், தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

தோற்றுப்போனதைச் சொல்லக்கூட நீங்கள் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெள்ளியின் தரையில் மழையே கிடையாது, உறைந்தது உறைந்தபடி கிடக்கும் என்பீர்கள். இந்த ஹாலும் இப்போது அப்படித்தான் கிடக்கிறது.

படம் இப்படியே இருக்கட்டும் என்கிறது மனசு. ஆனாலும் நாளைக்கே வடக்கை மேலே வைத்து மாட்டிவிடுவேன், சத்தியமாக. எனக்கு மறுபடியும் குழிகளாகத்தான் தெரியும். தெரியட்டும். அப்போதுதானே "மேடுடி" என்று நீங்கள் சொல்வது கேட்கும்.

உங்களோடு சண்டை இன்னும் முடியாத மனைவி,
கோமதி