கண்ணாடியில் வராத சிவப்பு கார்

மார்ச் 3
மூன்று வாரம் நான் சோதித்த கிராபிக்ஸ் கார்டு. எங்கள் சேனல் வீடியோவின் முடிவில், கேமரா முன்னால் பேசும் டெரெக்கின் பெயர் மட்டும். கேட்டேன்.

"கேமரா முன்னாடி வாயே தொறக்க மாட்டே, ரெனாட்டா. உனக்கெதுக்குப் பேரு?"

சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். இந்த முறை என் பெயர் வரும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வீட்டின் ஒரே பட்டதாரியின் பெயரை மட்டும் அடையாளம் தெரியும்.

மார்ச் 9
ரே ட்ரேசிங் காசுக்குத் தகுமா? ஒளியையும் பிரதிபலிப்பையும் நிஜம்போலக் காட்டும், பதிலுக்கு விளையாட்டின் வேகத்தைத் தின்னும் வசதி அது. இந்த முறை டெரெக்கே சோதித்தான், ஒரு புது விளையாட்டில். மெனுவில் அதைப் போட்டபின் விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. அவன் மூடவில்லை.

"வேகம் துளிகூடக் குறையல, பாத்தியா? கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

எப்படிக் குறையும்? அது ஓடவே இல்லையே. விளையாட்டுக்குள் வரும் தெருவில் ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்தேன். எதிரே நிற்கும் சிவப்பு கார் அதில் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி மாட்டுகிறவரின் மகள் நான், கண்ணில் படாதா?

"எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்கு."

மார்ச் 10
சொல்லிவிடலாமா — மாட்டேன்.

மார்ச் 12
வீடியோ வந்தது. நான்கே மணி நேரத்தில் பார்வையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "ரெண்டு படமும் ஒண்ணுதான்யா, மூடித் தொறந்தியா?" என்று ஒருவர். "காரைக் காணோம், போலீசுக்குச் சொல்லுங்க" என்று இன்னொருவர். அலுவலகக் கழிப்பறைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு முறை. இனித்தது.

மார்ச் 13
காலை முழுக்க டெரெக் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்கிறான். செய்யட்டும்.

மாலை. வீடியோவுக்குக் கீழே திருத்தக் குறிப்பு: "சோதனையில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம். சோதித்தவர்: ரெனாட்டா ஃபுர்டாடோ."

எழுத்துப் பிழைகூட இல்லை.

"நீங்கதானே பண்ணீங்க?" என்றேன்.

"பக்கத்துலதானே நின்னே. நல்லா இருக்குன்னு சொன்னது யாரு?"

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி போக மாட்டேன்.

மார்ச் 15
அதே விளையாட்டை வீட்டில் ஒழுங்காக மூடித் திறந்தேன். கண்ணாடியில் சிவப்பு கார் வந்தது, மேலே மேகத்தோடு. நின்று பார்த்தால் அழகு. வேகம் பாதியாகிவிட்டது; ஓடத் தொடங்கியதும் கண்ணாடிப் பக்கம் யார் திரும்புகிறார்கள்? அணைத்துவிட்டேன்.

அப்பா வேலைத்தளத்திலிருந்து அழைத்தார்.

"கண்ணு, உன் பேரு போட்டுட்டாங்க. இங்க எல்லாருக்கும் காட்டிட்டேன். முன்னாடி என்னவோ எழுதியிருக்கே, அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."